கொப்பரையில் வெந்த நாலு தந்தி

மெட்ராஸில் ஏறிய பேருந்து காஞ்சிபுரம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை நின்றது. முதல் முறை டயர். இரண்டாம் முறை டிரைவருக்கு டீ. இரண்டு முறையும் நான் இறங்கி, சாலையின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு வயதான தம்பதி தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். பினாங்கில் எங்கள் அடுத்த வீடு தெலுங்கு வீடு. எனக்கு அந்தப் பேச்சு புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. "இந்தப் பிள்ளைக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது" என்றார் அந்த அம்மாள். "வயிறு இல்லை, எதையோ தொலைத்துவிட்டான்" என்றார் அவர் கணவர்.

நான் இன்னும் எதையும் தொலைத்திருக்கவில்லை. தொலைத்துவிடுவேனோ என்ற பயம்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்குக் கப்பல். அதை விட்டால் அடுத்த கப்பல் வருவதற்குள் பினாங்கில் என் தங்கையின் கல்யாணமே முடிந்துவிடும். அவள் கட்டிக்கொள்ள வேண்டிய கூறைப் புடவை காஞ்சிபுரத்தில் ஏகாம்பரம் என்பவரின் தறியில் இருந்தது. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக் கல்யாணப் புடவைகளை நெய்து தருகிற குடும்பம் அது. உடல் அரக்கு, கரை மாம்பழ மஞ்சள் என்று அம்மா முன்பே எழுதிப் போட்டிருந்தாள். என்னை அனுப்பும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "புடவை இல்லாமக் கப்பல் ஏறாதே. கப்பலையும் விட்டுடாதே."

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வார நாட்களில் பினாங்குத் துறைமுகத்தில் குமாஸ்தா. சனி ஞாயிறுகளில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் நாங்கள் நாலு பேர் ஆங்கிலப் பாட்டு வாசிப்போம். அதில் நான் பேஸ் கிடார். நாலே நாலு தடித்த தந்திகள் கொண்ட கிடார் அது. மற்ற வாத்தியங்களுக்கு அடியில் ஓடும் கனத்த ஓசை அதனுடையது. அம்மா அதற்கு வைத்திருந்த பெயர் 'அந்த இடி'.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரிக்‌ஷா பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்தபோது தெரு முழுக்கத் தறிச் சத்தம். வீட்டுக்கு வீடு ஒரு தாளம். எங்கள் ஊரில் மழை தகரக் கூரைமேல் அடிப்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். இந்தச் சத்தம் அதைவிடப் பிடித்திருந்தது. கொஞ்சம் தைரியம்கூட வந்தது. ரிக்‌ஷா நின்ற வீட்டில் மட்டும் சத்தமே இல்லை.

ஏகாம்பரம் வாசலில் குந்தியபடி பற்றவைக்காத பீடியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார். "உள்ள வாப்பா. கோமளா, பினாங்குத் தம்பி வந்துக்குது, தண்ணி கொண்டா" என்றார். தறியை மட்டும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அரக்குப் பட்டு, ஓரத்தில் மஞ்சள் கரை, நெய்தவரை உருளையில் சுற்றிக் கிடந்தது. அதன்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள்.

"எவ்வளவு பாக்கி?"

"ரெண்டு முழத்துக்குக் கம்மிதான்."

"அப்புறம் ஏன் நிக்குது?"

"பக்கக் கை இல்லப்பா."

அவர் விளக்கினார். கோர்வை என்பது உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து, இரண்டும் சேருகிற இடத்தில் ஒவ்வொரு வரிசையிலும் பல்லோடு பல் கோத்துவிடுவது. கரை ஒரு நாளும் பிரிந்து வராது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் குழியில் காலை விட்டு உட்கார்ந்து உடலுக்கான நூல் வைத்த நாடாவை எறிவார். அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வேறொரு நாடாவை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக் கரையைக் கோத்துத் தர வேண்டும். "ஒத்தக் கையால கோர்வை போடறவன் இனிமேதான் பொறக்கணும்" என்றார்.

அவருக்குப் பக்கக் கையாக இருந்தவன் தயாளன், அவர் மனைவி கோமளாவின் தம்பி. வருடக்கணக்காக உட்கார்ந்த ஆள். போன வாரம் எழுந்து போய்விட்டானாம். கோமளாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. அவரால் தறிக்குள் குனிய முடியாது. முகூர்த்தக் காலம் என்பதால் தெருவில் வேறு எந்தக் கையும் சும்மா இல்லை.

"எங்க போனாரு?"

"கிட்டாரு வாசிக்கப் போயிட்டான்" என்றார் ஏகாம்பரம். "நாலு தந்தி. டும்மு டும்முன்னு."

எனக்குத் தண்ணீர் புரையேறியது.

கோமளா சொல்லச் சொல்ல ஏகாம்பரம் குறுக்கே விழுந்தார். இருவரையும் கூட்டிக் கேட்டதில் கதை புரிந்தது. ஊரில் ஒரு மெல்லிசைக் குழு. அதில் சேர்ந்த தயாளனுக்குக் குழுவின் பழைய பேஸ் கிடார் கிடைத்தது. தந்திகள் அழுக்கேறி மழுங்கியிருந்தன. புதுத் தந்திக்கு எங்கே போவது? அவன் தன் தொழிலை யோசித்தான். சாயம் ஏற்றுமுன் பச்சைப் பட்டைச் சோடாவில் வேகவைத்தால் பசை போய்ப் பளபளக்கிறது. தந்தியிலும் கை அழுக்குத்தானே? சாயக்காரரின் கொப்பரையில் நாலு தந்தியையும் போட்டு வேகவைத்துவிட்டான்.

"சத்தம் வந்துச்சு, இல்லன்னு சொல்லல" என்றார் கோமளா. "வெங்கலம் மாதிரி கணீர்னு வந்துச்சு."

"மஞ்சள் போச்சேடி!" என்றார் ஏகாம்பரம். "அதே கொப்பரையில அடுத்தாப்புல எறங்குனது இந்தப் பொடவைக்கு மிச்சம் வேண்டிய கரைப் பட்டு. இரும்பு எறங்கின தண்ணி. மாம்பழ மஞ்சள் கேட்டா மாங்கா ஊறுகா கலர்ல வருது. மறுபடி பட்டு வாங்கி, மறுபடி சாயம் போட்டு... ஒண்ணு தறியில உக்காரு, இல்ல அந்த எழவைக் கட்டிக்கினு போன்னேன். போயிட்டான்."

"சொல்ற விதம் ஒண்ணு இல்லையா?" என்றார் கோமளா.

நான் என் விரல்களை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். நானும் அந்த இடிக் கோஷ்டிதான் என்று தெரிந்தால் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் கிடைக்காது என்று தோன்றியது.

புதன்கிழமை காலை, தங்கியிருந்த லாட்ஜுக்குக் கீழே கோயில் இட்லி சாப்பிட்டேன். மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட, உயரமான, பழுப்பேறிய துண்டு. பினாங்கில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவை மீன் குழம்பில் முக்கித் தின்று பழகியவனுக்கு இது கோயிலைத் தின்பதுபோல் மரியாதையாக இருந்தது. பரிமாறியவர், "இன்னா சார், தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க? அது கடிக்காது" என்றார். பசி இருந்தது, இறங்கவில்லை.

மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும் அறை ஒரு சைக்கிள் கடைக்கு மாடியில் இருந்தது. படிக்கட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டேன். மேலே ஒரே ஒரு பேஸ் கிடார். அந்த வாசிப்பு எனக்குத் தெரியும்.

லண்டன்காரர் ஒருவர் இருக்கிறார். பெயர் எதற்கு? கேட்டவர்களுக்குத் தெரியும். அவருக்கு முன்னால் பேஸ் வாசிப்பவன் என்றால் பாட்டுக்கு அடியில் கிடந்து சுமக்கிறவன். அவர் அதை முன்னால் கொண்டுவந்தார். ஒரு பாட்டின் நடுவில், மற்றக் கிடார் பேச வேண்டிய இடத்தில் எல்லோரையும் நிறுத்திவிட்டு இந்த நாலு தந்தி பேசும். ஓசையும் வேறு. பொத்தென்று விழாமல் கணீரென்று ஒவ்வொரு சுரமும் தனியாகத் தெரியும். கூட இருப்பவர்கள் மேடையில் குதிக்க, அவர் மட்டும் நின்ற இடத்தில் நின்று விரலை மட்டும் ஓட்டுவாராம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் என் வயதில் பேஸ் வாசித்த அத்தனை பேரும் அந்த ஒரு இசைத்தட்டைத் தேய்த்தவர்கள்தான்.

அந்தத் துண்டைத்தான் மாடியில் யாரோ வாசித்தார்கள். சுரம் பிசகவில்லை. ஆனால் அலை அலையாக வந்தது. பெரிதாக எழுந்து, யாரோ கதவைச் சாத்தினாற்போல் தேய்ந்து, அநேகமாக ஒன்றுமே இல்லாமல் போய், நான் முடிந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் தொலைவிலிருந்து மறுபடி ஏறி வந்தது. ஒலிபெருக்கி பழுது என்று நினைத்துக்கொண்டு மேலே போனேன். பழுதில்லை. ஒல்லியான இளைஞன் ஒருவன் ஸ்டூலில் உட்கார்ந்து, வலக்கை விரல்களாலேயே அதைக் குறைத்துக் கூட்டிக்கொண்டிருந்தான்.

நான் பினாங்கு, நானும் பேஸ் என்று சொன்னதும் தயாளன் எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினான். புடவை என்று ஆரம்பித்தேன். அவன் காதில் அது விழவில்லை.

"எதிர் வூட்டு ரேடியோல கேட்டேண்ணே. சாயங்காலம் சிற்றலைல வரும். அந்தாளு கையைப் பாத்தீங்களா? பெருசா வந்துகினே இருக்கும், அப்படியே கையை எடுத்துடுவாரு. போயிட்டாரோன்னு நமக்குப் பதறுது. அப்பத் திரும்பி வராரு. இதுக்கே அவருக்குக் கோயில் கட்டலாம்ணே. நாலஞ்சு தடவை கேட்டு அப்படியே புடிச்சேன்."

இசைத்தட்டில் அந்த ஏற்ற இறக்கம் கிடையவே கிடையாது. முதலிலிருந்து கடைசி வரை ஒரே முழக்கம். இவன் கேட்டது சிற்றலையில் ஒலி தேய்ந்து வளர்வது. பினாங்கில் நாங்களும்தான் ரேடியோ கேட்கிறோம், அந்தத் தேய்வுக்குத் திட்டிக்கொண்டே. இவன் அதையும் லண்டன்காரரின் வித்தை என்று எடுத்துக்கொண்டு விரலில் ஏற்றி வைத்திருக்கிறான்.

"தட்டு கேட்டிருக்கீங்களாண்ணே?"

"ம்."

"சரியா இருக்குதா?"

"முழுசாக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். பிறகு புடவையைச் சொன்னேன். தங்கையை, கப்பலை, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் வாடியது. சனிக்கிழமை மாலை ஒரு கல்யாண வரவேற்பில் கச்சேரி. முதல் உருப்படியாக, பாடகர் வருவதற்கு முன், இவன் தனியாக இந்தத் துண்டை வாசிக்கிறான். இதுவரை யாரும் இவனுக்கு அப்படி ஓர் இடம் தந்ததில்லை. அதுவரை காலையிலிருந்து ஒத்திகை.

"ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்துடறேண்ணே, மாமா மேல கோவம் இருந்தாலும்."

"ஞாயிறு நான் கப்பல்ல இருப்பேன்."

நான் படியிறங்கினேன். பாதிப் படியில் அந்த எண்ணம் வந்தது. நீ வாசிப்பது அவர் வாசித்தது இல்லை, ரேடியோவின் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் அந்த ஸ்டூலை விட்டு எழுந்துவிடுவான். சாயங்காலமே தறியில் இருப்பான். தங்கைக்குப் புடவை கிடைத்துவிடும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மேலே போகாமல் வெளியே வந்துவிட்டேன். அன்று முழுவதும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஏகாம்பரத்திடம், "நான் உட்காரட்டுமா?" என்று கேட்டேன்.

கோமளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. "கையைக் காட்டு" என்றார். காட்டினேன். இடக்கை விரல் நுனிகளைத் தன் கட்டை விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"துறைமுகத்துல கணக்குதானே எழுதறே?"

"ஆமா."

"கணக்கு எழுதினா நுனி விரல்ல இந்தக் காய்ப்பு வராதே. தயாளன் கைலயும் இதே எடத்துலதான் இருக்குது."

நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் பெருமூச்சு விட்டார். "இதுக்கு முன்னாடி எந்தக் கொப்பரையிலயாவது எதையாவது போட்டிருக்கியா?"

"இல்லீங்க."

"அப்ப உக்காரு."

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஏகாம்பரத்தின் நாடா வந்து சேரும். நான் கரை நாடாவின் நூலை அதன் நூலோடு கோத்துத் திருப்ப வேண்டும். அவர் பலகையை இழுத்து அடிப்பார். சொல்ல எளிது. நான் ஒவ்வொரு முறையும் முந்தினேன். லண்டன்காரர் எங்கள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்திருந்த பழக்கம் அது. தாளத்துக்குப் பின்னால் நிற்காமல் அதன் மேலேயே ஏறிப் போகிற கை.

"முந்தாதப்பா. என் நாடா வரட்டும்."

மறுபடி முந்தினேன்.

"எங்க ஓடற? வண்டியா கெளம்பிடும்?"

"கப்பல்" என்றேன். அதற்கு அவரும் சிரித்துவிட்டார்.

மஞ்சள் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கியது. பிரித்தார். மறுபடி போட்டோம். மறுபடி பிரித்தார். இருட்டுவதற்குள் நாலு விரற்கடை வளர்ந்திருந்தது. லாட்ஜுக்கு நடந்துபோகும்போது மனக்கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் முடிக்க இன்னும் பத்து நாள் ஆகும். முதுகு விண்விண்ணென்று தெறித்தது.

வெள்ளிக்கிழமை காலை கை கொஞ்சம் படிந்தது. முந்தாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன்: அவர் காலைப் பார்க்காமல் மூச்சைக் கேட்பது. பலகையை இழுப்பதற்கு முன் அவர் மூக்கால் ஒரு மூச்சு விடுவார். அதற்குக் காத்திருந்தால் சரியாக இருந்தது. ஒரு சாண் ஓடியது. பிறகு சந்தோஷத்தில் நாடாவை வேகமாக எறிந்துவிட்டேன். அது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல்களுக்குள் பாய்ந்து ஒரு கொத்தை அறுத்துவிட்டது. ஏகாம்பரம் என்னைத் திட்டவில்லை. எழுந்து வந்து, குனிந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிபோட ஆரம்பித்தார். முடிக்க மத்தியானம் ஆகிவிடும் என்றார்.

அந்த நேரத்தில் நான் முடிவு செய்தேன். தயாளனிடம் சொல்லிவிட வேண்டியதுதான். பொய் ஒன்றும் இல்லையே, உண்மைதானே?

ரிக்‌ஷா ஏறினேன். பாதி வழியில் சங்கிலி கழன்றது. ரிக்‌ஷாக்காரர் அதை மாட்டினார், மறுபடி கழன்றது. "அவசரமா சார்?" "ரொம்ப." "அதான் கழலுது. அவசரக்காரங்களை ஏத்தினாலே இது இப்படித்தான்" என்றார். வெள்ளிக்கிழமை என்பதால் அம்மன் கோயில் பக்கம் தெருவே அடைந்து கிடந்தது. மல்லிகைக் கூடைகளுக்கும் மொட்டையடித்த குழந்தைகளுக்கும் நடுவே ஒரு மாடு குறுக்கே நின்றது. காசைக் கொடுத்துவிட்டு இறங்கி ஓடினேன். பினாங்கில் நான் பேருந்துக்குக்கூட ஓடியதில்லை.

சைக்கிள் கடைப் படியில் ஏறும்போது மேலே குழு முழுவதும் வாசித்துக்கொண்டிருந்தது. டிரம், அக்கார்டியன், கிடார். திடீரென்று எல்லாம் நின்று இவன் மட்டும் தனியாக வந்தான். ஓசை எழுந்தது, விரிந்தது, பிறகு தேய ஆரம்பித்தது. தேய்ந்து, தேய்ந்து, கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. கடைக்காரர் பம்பை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். நானும் மூச்சை நிறுத்தியிருந்தேன். அந்தத் தட்டை வருடக்கணக்காகத் தேய்த்திருக்கிறேன். ஒரு நாளும் அதைக் கேட்டு இப்படிப் பயந்ததில்லை. ஓசை திரும்பி வந்தது.

பொறாமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எல்லோரும் அந்த மனிதரைப்போலவே வாசித்தோம். அவரைப்போலவே வாசிக்கிற ஆயிரம் பேரில் ஒருவராக இருந்தோம். இவன் மட்டும்தான் இப்படி வாசிக்கிறான். கச்சேரிக்கு முன்னால் போய் இதைக் கோளாறு என்று சொன்னால், இனி எந்நாளும் அவன் கை அந்த இடத்தில் தேயாது. என் தங்கைக்குப் புடவை கிடைக்கும். அதைக் கட்டிக்கொண்டு அவள் நிற்கும்போது நான் எங்கே பார்ப்பது?

திரும்பி நடந்தேன். ஏகாம்பரம் கடைசி முடியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பேசினியா அவன்கிட்ட?" என்றார் கோமளா.

"இல்ல. அவர் வாசிக்கட்டும். நாம நெய்வோம்."

ஏகாம்பரம் நிமிர்ந்து பார்த்தார். அவரும் பதறிப்போய்த்தான் இருந்தார் என்பது அன்று எனக்குப் புரிந்தது. வந்தவன் புடவை இல்லாமல் திரும்பினால் தெருவில் அவர் பெயர் என்ன ஆகும்? விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்தோம். கோமளா எங்கள் பக்கத்தில் அமர்ந்து நாடாவுக்குள் வைக்கும் நூல் தார் சுற்றித் தந்துகொண்டே, ரசம் சோற்றைக் கையில் உருட்டி எங்கள் இருவருக்கும் மாறி மாறிக் கொடுத்தார். வீடு என்ன, கூலி என்ன, பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் பேசிக்கொண்டேயிருந்தார். அந்தப் பேச்சில் என் கை பயத்தை மறந்தது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து நாங்கள் பேசவே இல்லை. மூச்சு, நாடா, பலகை. மூச்சு, நாடா, பலகை. மத்தியானம் தாண்டி வெயில் கூரைக் கண்ணாடி வழியாகத் தறிமேல் சாய்ந்தபோது ஏகாம்பரம், "போதும்பா" என்றார். எனக்கு நிறுத்த வரவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடாவை வாங்கி வைத்தார். கற்பூரம் காட்டி, புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்து, மடித்து என் மடியில் வைத்தார். நான் அழுதேன். கோமளா, "கல்யாணம் தங்கச்சிக்குத்தானே, நீ ஏன் தம்பி அழற?" என்றார்.

மாலை வரவேற்புக்கு நானும் கோமளாவும் போனோம். மாதம் நிறைந்தவர் வரக்கூடாது என்று தெருவே சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஏகாம்பரம் வரமாட்டேன் என்றார். மண்டபத்தில் நாங்கள் உட்கார்ந்த பிறகு திரும்பிப் பார்த்தால், பின்னால் செருப்புகள் கிடக்கும் இடத்தில் தூணோரமாக நின்றுகொண்டிருந்தார்.

குழு ஆரம்பித்தது. குழந்தைகள் ஓடினார்கள், பந்திக்குக் கூப்பிட்டார்கள், மாப்பிள்ளையின் சித்தப்பா மைக் முன்னால் வந்து யாரையோ தேடினார். பிறகு எல்லா வாத்தியமும் நின்று தயாளன் தனியாக வந்தான். வேகவைத்த தந்திகள் மண்டபத்தின் கடைசிவரை கணீரென்றன. பேச்சு குறைந்தது. ஓசை எழுந்தது, விரிந்தது, தேய ஆரம்பித்தது.

தேயத் தேயக் கூட்டத்தில் சலசலப்பு. "மைக் போச்சு." "கரண்டு போச்சா?" மைக் செட்காரர் எழுந்து, மேடையோரம் இருந்த பெட்டியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு ஓடினார். அவர் குமிழைத் திருகினால் எல்லாம் கெட்டது. நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"வயர்ல ஒண்ணும் இல்லீங்க. அவர் வாசிக்கிறார்."

"யோவ் விடுய்யா, சத்தமே வரல!"

அதற்குள் இன்னொரு கையும் அவரைப் பிடித்தது. ஏகாம்பரம். எப்படி அத்தனை பேரைத் தாண்டி வந்தாரோ? "சும்மா இருப்பா" என்றார். "கையிலதான் கொறைக்கிறான். எனக்குத் தெரியும் அந்தக் கை. வந்துடும்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். மண்டபம் முழுக்க ஓசையில்லை. தயாளன் குனிந்த தலை நிமிராமல் இருந்தான். பிறகு எங்கிருந்தோ அது வந்தது. மெல்ல, தொலைவிலிருந்து, ஏறி ஏறி வந்து மண்டபத்தை நிறைத்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் "அடேங்கப்பா" என்று வாய்விட்டுச் சொன்னார். கைதட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் பந்திக்கு எழுந்தவர்கள் நின்றிருந்தார்கள்.

ஏகாம்பரம் மைக் செட்காரரை விட்டுவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "திங்கக்கிழமை புதுப் பாவு பூட்டணும்னு அவன்கிட்ட சொல்லிடு தம்பி. சாயங்காலம் அவன் எங்க போனாலும் நான் கேக்கல. கொப்பரை பக்கம் மட்டும் போவக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து புடவைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தபோது தயாளன் சைக்கிளில் வந்தான். மாமா சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினான். ஆனால் அவன் வந்தது அதற்கில்லை.

"அண்ணே, முழுசாக் கேட்டுட்டுச் சொல்றேன்னீங்களே. தட்டுல இருக்கிற மாதிரியே இருந்துச்சா?"

இந்தக் கேள்விக்குத்தான் புதன்கிழமையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன். இப்போது சொல்வதால் எனக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை. அதனால் சொல்ல முடிந்தது.

"இல்ல தயாளன். தட்டுல அவர் ஒரு இடத்துலயும் குறைக்கறதே இல்ல. ஒரே சத்தம்தான். நீ கேட்ட ஏத்த இறக்கமெல்லாம் ரேடியோ அலை."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. கண்டக்டர் விசில் ஊதினார். பேருந்து நகர்ந்தது. அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜன்னலோடு கூடவே ஓடிவந்தான்.

"அப்ப... அந்த எடத்துல அவரு கையை எடுக்கலியா?"

"எடுக்கல."

"ரேடியோவும் வேணும்னு எடுக்கல."

"இல்ல."

பேருந்து வேகமெடுத்தது. பின்தங்கிய பிறகுதான் கத்தினான்.

"அப்ப அது என்னுதாண்ணே?"

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஆமாம் ஆமாம் என்று நான் கத்தியதில் டிரைவர் திட்டினார்.

கப்பலைப் பிடித்தேன். அரக்கும் மஞ்சளுமாகத் தங்கை மணையில் உட்கார்ந்தாள். முகூர்த்தத்துக்கு முன்னால் அம்மா கரையை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். "இங்க நெய்ஞ்சவனுக்குக் கை நடுங்கியிருக்கு" என்றாள். ஆமாம்மா என்றேன்.

அன்று மாலை வரவேற்பில் எங்கள் குழுதான் வாசித்தது. அந்தப் பாட்டு வந்தது. நடுவில் மற்றவர்கள் நிறுத்தினார்கள், நான் தனியாகப் போனேன். போகப் போக என் விரல்கள் தாமாகவே இளகின. ஓசை இறங்கியது, இன்னும் இறங்கியது. நாற்காலிகளில் தலைகள் நிமிர்ந்தன. டிரம் வாசிக்கிற என் நண்பன் பதறிப்போய்க் குனிந்தான். "வயரைப் பாரு லா!" என்றான்.

"வயர்ல ஒண்ணும் இல்ல" என்றேன். "கொஞ்சம் இரு. வந்துடும்."